எம்.எஸ். மருந்து எடுக்கும்போது ஃப்ளூ ஊசி: பெங்களூருவில் போட்டுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.), அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும், அவர்களுக்காக ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலையும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். என் தங்கைக்கு எம்.எஸ். வருஷா வருஷம் அவளுக்கு ஃப்ளூ ஊசி ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் அல்சூர், விவேக் நகர், ஓசூர் பக்கத்துக் குடும்பங்கள் சிலருடனும் கூடப் போயிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். ஊசி எங்கே கிடைக்கும் என்று முதலில் தேடுகிறார்கள். மருந்தைப் பற்றி டாக்டரிடம் கடைசியில் கேட்கிறார்கள், சிலர் கேட்பதே இல்லை. எம்.எஸ். மருந்து எடுப்பவருக்கு மருந்தின் தேதிதான் முதலில் வர வேண்டும். ஊசியின் தேதி அதைப் பார்த்து அமைவது.

போடலாமா கூடாதா என்ற கேள்விக்கு நேரான பதில் உண்டு. எம்.எஸ். உள்ளவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அவரவருக்கென்று தனித் தடை இருந்தால் மட்டும் விலக்கு என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஃப்ளூ போன்ற தொற்றுகள் ரிலாப்ஸை, அதாவது நோய் மறுபடி தாக்குவதை, கிளப்பிவிடக்கூடியவை. செயலிழக்கச் செய்த வைரஸை வைத்துத் தயாரிக்கும் ஊசி அப்படிக் கிளப்புவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ‘ஊசி போட்டால் நோய் கூடிவிடும்’ என்ற பயத்தில் தள்ளிப்போடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

டாக்டர் அறைக்குப் போகும் முன் ஒரே ஒரு தாள் போதும். அதில் இவை இருக்கட்டும்: எடுக்கும் எம்.எஸ். மருந்தின் பெயர், கடைசி டோஸ் போட்ட தேதி, அடுத்த டோஸ் தேதி, கடைசியாக ரிலாப்ஸ் வந்த மாதம், கடைசியாக ஸ்டெராய்டு டிரிப் ஏற்றிய தேதி, இதுவரை எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்ததுண்டா என்பது. சமீபத்திய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கூட வையுங்கள்.

மருந்தின் பெயரில் பலர் தவறிவிடுகிறார்கள். ‘ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டிரிப் போடுவாங்க’ என்று மட்டும் சொன்னால் போதாது. ரிட்டுக்ஸிமாபா, ஓக்ரெலிஸுமாபா என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து எழுதுங்கள். பிராண்ட் பெயர் மட்டும் தெரிந்தால், அட்டையில் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஊசி போடும் கிளினிக் டாக்டர் உங்கள் நியூரோ டாக்டர் இல்லை. அவர் பார்க்கப்போவது இந்தத் தாளை மட்டும்தான்.

2. உங்கள் மருந்து எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃப்ளூ ஊசி எந்த மருந்தோடும் சண்டைக்குப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சில மருந்துகள் உடம்பின் எதிர்ப்பு வேலையைக் குறைத்துவிடுவதால், ஊசி போட்டும் போதிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகாமல் போகலாம். எந்த மருந்தில் எவ்வளவு என்பதை வைத்துத்தான் தேதி.

இன்டர்ஃபெரான் ஊசி, டைமீத்தைல் ஃபியூமரேட், டெரிஃப்ளூனோமைடு எடுப்பவர்களுக்கு ஃப்ளூ ஊசி பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. இவர்கள் தேதிக்காக அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சீசன் தொடங்குமுன் போட்டால் சரி. கிளாடிராமர், நடாலிஸுமாப் எடுப்பவர்களுக்குச் சில ஆய்வுகளில் பலன் கொஞ்சம் குறைவாக வந்திருக்கிறது. இருந்தாலும் தனியாகக் காத்திருக்க வேண்டிய நாள் என்று எதுவும் இல்லை.

ஃபிங்கோலிமோட் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பலன் குறையும். மாத்திரையை நிறுத்தினாலும் அந்தக் குறைவு இரண்டு மாதம் வரை நீடிக்கலாம். அதனால் ‘ஊசிக்காக ஒரு வாரம் மாத்திரையை விட்டுவிடலாமே’ என்ற யோசனையில் பிரயோஜனம் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. ஃபிங்கோலிமோடைச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி வருவது தெரிந்த விஷயம். நடாலிஸுமாபிலும் அப்படித்தான். எந்த எம்.எஸ். மருந்தையும் ஊசிக்காக நீங்களாக நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ரிட்டுக்ஸிமாப், ஓக்ரெலிஸுமாப், ஆஃபாடுமுமாப் மூன்றும் பி-செல்கள் என்ற ஒரு வகை எதிர்ப்பு அணுக்களை ஒழிக்கும் மருந்துகள். எதிர்ப்பொருள் தயாரிப்பதே அந்த பி-செல்களிலிருந்து வரும் அணுக்கள்தான் என்பதால் இங்கேதான் தேதி உண்மையிலேயே முக்கியம். நம் ஊரில் விலை காரணமாக ரிட்டுக்ஸிமாப் எடுப்பவர்கள் நிறைய என்பதால் அடுத்த பகுதியில் அதை விரிவாகச் சொல்கிறேன். பலன் குறையும் என்றால் பலனே இல்லை என்று அர்த்தம் கிடையாது. ஓக்ரெலிஸுமாப் எடுப்பவர்களை வைத்து நடத்திய வெலோஸ் என்ற ஆய்வு 2020ல் வெளியானது. அதில் ஃப்ளூ ஊசிக்கான எதிர்ப்பொருள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது, ஆனால் உருவாகியிருந்தது. கொஞ்சம் பாதுகாப்பும் பாதுகாப்புதான்.

3. தேதியைக் குறியுங்கள்

இரண்டு காலண்டர்கள் இருக்கின்றன. ஒன்று ஃப்ளூவுடையது, இன்னொன்று உங்கள் மருந்துடையது.

முதலில் ஃப்ளூவின் காலண்டர். இந்தியாவில் ஃப்ளூ இரண்டு முறை தலைதூக்கும்: மழைக்காலத்தில் ஒரு முறை, ஜனவரியிலிருந்து மார்ச் வரை இன்னொரு முறை. பெங்களூருவுக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தை ஒட்டி வருகிறது. ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். ஆக, மே மாதம் நல்ல மாதம். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில் ஏறும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஊசியும் வருஷத்துக்கு இரண்டு முறை புதிதாக வரும். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் பூமியின் வட பாதிக்கும் (வட கோளம்), செப்டம்பரில் தென் பாதிக்கும் (தென் கோளம்) எந்தெந்த வைரஸைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. தென் கோளச் சரக்கு நம் ஊருக்கு ஏப்ரல், மே வாக்கிலும், வட கோளச் சரக்கு செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் வந்து சேரும். பெரியவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு டோஸ் போதும். இரண்டு சரக்கையும் தேடித் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இனி மருந்தின் காலண்டர். ரிட்டுக்ஸிமாப் அல்லது ஓக்ரெலிஸுமாப் டிரிப் ஏற்றிய உடனே ஊசி போட்டால் பலன் மிகக் குறைவு. போகப்போக அது கூடும். பொதுவாக டாக்டர்கள் பார்ப்பது, கடைசி டிரிப்புக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்து, அடுத்த டிரிப்புக்கு நான்கு வாரம் முன்பாக என்ற இடைவெளியை. ஆறு மாதச் சுற்றில் இது ஏறக்குறைய இரண்டு மாத ஜன்னல், அதாவது ஊசி போட ஏற்ற காலம்.

ஜனவரி 10ல் ஒரு டிரிப், ஜூலை 10ல் அடுத்தது என்று வையுங்கள். ஜன்னல் ஏப்ரல் 10 முதல் ஜூன் 10 வரை. புதுச் சரக்கு வருவதும், மழைக்கு முன் போட வேண்டியதும் அதே சமயம். மே இரண்டாம் வாரத்தில் போட்டுவிட்டால் முடிந்தது.

ஏப்ரலும் அக்டோபரும் டிரிப் மாதங்களாக இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். ஏப்ரல் 10ல் டிரிப் என்றால் ஜன்னல் ஜூலை 10ல்தான் திறக்கும், அதற்குள் மழைக்காலம் ஒரு மாதம் ஓடியிருக்கும். இப்படி வரும்போது டாக்டர் முன்னால் மூன்று வழிகள் இருக்கும்: டிரிப்புக்குச் சில வாரம் முன்னாலேயே கையில் கிடைக்கும் சரக்கைப் போடுவது, நோய் அமைதியாக இருந்தால் டிரிப்பைக் கொஞ்சம் நகர்த்துவது, ஜூலை வரை பொறுத்துப் போடுவது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூன்றாவது வழியை எடுத்தது. வீட்டில் மற்ற எல்லோரும் மே மாதமே போட்டுக்கொண்டார்கள், அவர் ஜூலையில் போட்டுக்கொண்டார். இடைப்பட்ட வாரங்களில் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் மாஸ்க். எந்த வழி என்று முடிவெடுப்பது நியூரோ டாக்டர். கேட்க வேண்டிய கேள்வியைக் கையில் வைத்திருப்பது நம் வேலை.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. ‘சரியான ஜன்னல் வரட்டும்’ என்று காத்திருந்தே முழு சீசனையும் கோட்டைவிடுகிறார்கள். ரிட்டுக்ஸிமாப் எடுக்கும் மூட்டுநோய்க்காரர்களுக்கு அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 2022ல் தந்த வழிகாட்டுதலே, ஃப்ளூ ஊசியை மட்டும் தள்ளாமல் சீசனில் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறது. ஊரில் ஃப்ளூ பரவிக்கொண்டிருக்கிறது, ஜன்னலுக்கு இன்னும் இரண்டு மாதம் என்றால் அதே வாரம் டாக்டருக்கு ஃபோன் செய்து கேளுங்கள்.

ஆஃபாடுமுமாப் மாதா மாதம் போட்டுக்கொள்வது என்பதால் அதில் இப்படி ஒரு ஜன்னல் அமைவதில்லை. மருந்தை நிறுத்தாமல் சீசனில் போட வேண்டியதுதான். புதிதாக மருந்து தொடங்கப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஏனென்றால் அவர்களால் முன்கூட்டியே போட்டுவிட முடியும். ஓக்ரெலிஸுமாப், ஆஃபாடுமுமாப் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன், அலெம்டுஸுமாபுக்கு ஆறு வாரம் முன். ரிட்டுக்ஸிமாபுக்கு நான்கு வாரம் முன் முடித்துவிடுவது நல்லது. ஆனால் நோய் வேகமாக இருக்கும்போது ஊசிக்காக மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது.

4. நியூரோ டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்

வாயால் ‘போட்டுக்கலாம்மா’ என்று அவர் சொன்னால் அதோடு கிளம்பிவிடாதீர்கள். சீட்டில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: செயலிழக்கச் செய்த ஃப்ளூ ஊசி போடலாம், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள். இந்த இரண்டு வரி இல்லாமல் போன இடத்தில், எம்.எஸ். என்று கேட்டதும் ‘எங்களுக்கு ரிஸ்க் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவர் இந்த நோயை அடிக்கடி பார்ப்பவர் இல்லை.

சேலம், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் நரம்பியல் ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே அடுத்த முறை போகும்போதே சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, ஊசியை உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். ஒரு ஊசிக்காக இன்னொரு பயணம் வேண்டாம். அந்தப் பயணக் களைப்பு எம்.எஸ். உள்ளவரை இரண்டு நாள் படுக்க வைத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

5. உடம்பு தயாரா என்று பாருங்கள்

ரிலாப்ஸ் நடந்துகொண்டிருந்தால் ஊசி வேண்டாம். அது அடங்கும் வரை பொறுக்கச் சொல்கிறது முன்னே சொன்ன 2019 வழிகாட்டுதல். மீதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டெராய்டு டிரிப் ஏற்றி முடித்த கையோடு போடுவதும் சரியில்லை. எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் அடிக்கும்போது தள்ளிப்போடுங்கள். லேசான ஜலதோஷத்துக்காகத் தள்ள வேண்டியதில்லை.

முன்பு ஃப்ளூ ஊசியால் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் அது தடை. முந்தைய ஃப்ளூ ஊசிக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே (கை கால் பலவீனமாகும் ஒரு நரம்பு நோய்) வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். முட்டை ஒவ்வாமையைப் பற்றி இன்னமும் பலர் கேட்கிறார்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2023லேயே தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் போடுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

6. எந்த ஊசி: அட்டையைப் படியுங்கள்

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். அதில் இருப்பது பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள வைரஸ். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு உயிருள்ள தடுப்பு மருந்து எதுவும் கூடாது. குழந்தைகள் டாக்டரிடம் போனால் சில சமயம் ‘ஊசி வலிக்காது, மூக்கில் விட்டுக்கலாம்’ என்று ஸ்ப்ரேயை எடுத்து நீட்டுவார்கள். கையில் போடும் ஊசிதான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

இன்ஃப்ளுவாக், ஃப்ளூகுவாட்ரி, வாக்ஸிஃப்ளூ என்று பல பெயர்களில் கிடைக்கும். எம்.எஸ். உள்ளவருக்கு இதில் எதுவும் உசத்தி தாழ்த்தி இல்லை. அட்டையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது சீசன்: ‘2025/2026’ போல இரண்டு வருஷம் சேர்த்து இருந்தால் வட கோளச் சரக்கு, ஒற்றை வருஷம் இருந்தால் தென் கோளச் சரக்கு. இரண்டாவது காலாவதி மாதம். மூன்றாவது பேட்ச் நம்பர். மே மாதம் போகும்போது போன அக்டோபர் சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். காலாவதி ஆகாமல் இருந்தாலும், புதுச் சரக்கு எப்போது வரும் என்று கேட்டு, பத்து நாளில் என்றால் காத்திருக்கலாம்.

முன்பு நான்கு வைரஸ் ஊசி, இப்போது மூன்றுதானா என்று சந்தேகப்பட வேண்டாம். பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால் உலக சுகாதார நிறுவனமே அதை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டது. மூன்று உள்ளதும் முழு ஊசிதான்.

விலை ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை இருக்கும். போடும் கட்டணம் தனி. பொதுவாக மருத்துவக் காப்பீட்டில் இது வராது. ஆபீஸில் காப்பீடு உள்ளவர்கள் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் ஊழியர்களுக்கு முகாம் நடத்துவதுண்டு.

7. எங்கே போடுவது

பெங்களூருவில் ஃப்ளூ ஊசி தவறாமல் இருக்கும் இடம் குழந்தைகள் டாக்டர் கிளினிக். அங்கே வருஷம் முழுக்க ஊசி ஓடிக்கொண்டே இருப்பதால் ஃபிரிட்ஜும் ஒழுங்காக இருக்கும், சரக்கும் தேங்காது. பெரியவர்களுக்கும் போடுவீர்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரியவர்களுக்கென்றே தடுப்பூசிப் பிரிவு இருக்கும். அங்கே காத்திருப்பு அதிகம், ஆனால் ஒவ்வாமை வந்தால் கவனிக்க ஆள் இருக்கும்.

நேரில் போகும் முன் ஃபோன் செய்யுங்கள். எதிரில் கன்னடத்தில் பேசினால் தயங்க வேண்டாம். ‘ஃப்ளூ வேக்ஸின் ஸ்டாக் இத்யா? ஈ வர்ஷத்தா?’ என்று கேட்டால் போதும், இருக்கிறதா, இந்த வருஷத்துடையதா என்ற இரண்டுக்கும் பதில் வந்துவிடும். மாடிப்படியா லிஃப்ட்டா என்பதையும் கேளுங்கள். சிவாஜி நகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் முதல் மாடிக் கிளினிக்குகள் நிறைய. நடக்கச் சிரமப்படுபவரை அழைத்துப்போய்க் கீழே நின்று விழிக்கக் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது எனக்குப் பிடிக்காத வழி. ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது. கடையிலிருந்து ஐஸ் கட்டி மேலேயே ஊசியை வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். நேரடியாகப் பட்டால் மருந்து உறைந்து கெட்டுப்போகும். சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்றால் எதிர்ப்பக்கமாகச் சூடேறும். வேறு வழியே இல்லை என்றால் கிளினிக்குக்குப் பக்கத்துக் கடையில் வாங்குங்கள், ஐஸ் பாக்குக்கும் ஊசிக்கும் நடுவில் துணி வைக்கச் சொல்லுங்கள், நேராகக் கிளினிக் போங்கள்.

8. போடும் நாள்

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அடுத்த இரண்டு நாள் வீட்டில் இருக்கும்படி பாருங்கள். மறுநாள் கல்யாணம், ஊர்ப் பயணம் எதுவும் வேண்டாம். இன்டர்ஃபெரான் போட்டுக்கொள்பவர்கள் அந்த ஊசி நாளில் இதைப் போடாதீர்கள். இன்டர்ஃபெரானே குளிர், உடம்புவலி கொடுக்கும். இரண்டும் ஒரே ராத்திரி வந்தால் எது எதனால் என்று பிரிக்க முடியாது.

எந்தக் கை என்பதை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஊசி தோள்பட்டைத் தசையில் இறங்கும், ஓரிரு நாள் வலிக்கும். கைத்தடி பிடிக்கும் கையில் போட்டுவிட்டால் மறுநாள் பாத்ரூம் வரை போவதே பாடாகிவிடும். என் தங்கை வலது கையில் தடி பிடிப்பவள். அவளுக்கு எப்போதும் இடது கைதான். ரெண்டு கையாலும் சக்கர நாற்காலியைத் தள்ளுபவர்கள், குறைவாக வேலை வாங்கும் பக்கத்தைச் சொல்லுங்கள். கிளாடிராமர், இன்டர்ஃபெரான் கையில் போட்டுக்கொள்பவர்கள் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

தளர்வான அரைக்கைச் சட்டை, வயிறு நிறையச் சாப்பாடு, ஒரு பாட்டில் தண்ணீர். போட்ட பிறகு 15 முதல் 30 நிமிஷம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வந்துவிடும். கிளம்பும் முன் அட்டையையோ, பேட்ச் ஸ்டிக்கர் ஒட்டிய சீட்டையோ கேட்டு வாங்குங்கள்.

9. அடுத்த இரண்டு நாள்: பயப்படாமல் இருக்க

புதியவர்கள் இங்கேதான் மிகவும் கலங்கிப்போகிறார்கள். ஊசிக்குப் பிறகு சிலருக்கு லேசான காய்ச்சல் வரும். உடம்புச் சூடு ஏறினால் எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைகாட்டும். சேதமான நரம்பு, சூட்டில் செய்தியைச் சரியாகக் கடத்தாது. இதற்கு உட்டாஃப் விளைவு என்று பெயர். வெயிலில் நடந்தால், வெந்நீரில் குளித்தால் பார்வை மங்குகிறதல்லவா, அதே சங்கதிதான்.

தங்கைக்கு ஒரு வருஷம் ஊசி போட்ட அன்று ராத்திரி 100 டிகிரி தாண்டியது. பழைய ரிலாப்ஸில் பாதிக்கப்பட்ட இடது கால், ஹாலிலிருந்து சமையலறைக்குள் போவதற்குள் தரையில் இழுபட ஆரம்பித்தது. வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றார். பாராசிட்டமால் கொடுத்து, ஃபேன் போட்டு, ஈரத்துணியால் துடைத்தோம். விடிகாலையில் காய்ச்சல் இறங்கியது, காலும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அது ரிலாப்ஸ் இல்லை.

பிரித்துப் பார்க்கும் வழி இதுதான். பழைய அறிகுறியே திரும்பி வந்து, காய்ச்சலோடு ஏறி காய்ச்சலோடு இறங்கினால் சூட்டின் வேலை. இதுவரை இல்லாத புது அறிகுறி வந்து, காய்ச்சல் இல்லாதபோதும் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் நியூரோ டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டு நாளைத் தாண்டியும் காய்ச்சல் நின்றால் அதற்கு ஊசியைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று எம்.எஸ். உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும், அதைப் பரிசோதிக்க வேண்டும். மூச்சுத் திணறல், முகம் நாக்கு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் ஃபோன் செய்துகொண்டிருக்காமல் பக்கத்து எமர்ஜென்சிக்குப் போங்கள்.

காய்ச்சலுக்குப் பயந்து ஊசிக்கு முன்பே மாத்திரை போடத் தேவையில்லை. வந்தால் போடுங்கள். அன்றன்றைய எம்.எஸ். மருந்தை வழக்கம்போலத் தொடருங்கள்.

10. வீட்டில் இருப்பவர்கள்

ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து எடுப்பவருக்கு ஊசியின் பலன் அரைகுறையாக இருக்கும்போது, வீட்டில் யாரும் ஃப்ளூவைக் கொண்டுவராமல் இருப்பதுதான் அவருக்கு இரண்டாவது காவல். கூட இருக்கும் எல்லோரும், கவனித்துக்கொள்ள வேலைக்கு வரும் அக்கா உட்பட, போட்டுக்கொள்ள வேண்டும். அவர் ஊசிக்கான பணத்தை நீங்களே கொடுங்கள். 9 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ், அதற்கேற்ப ஏப்ரலிலேயே தொடங்குங்கள்.

அதே சமயம் நிமோனியா ஊசி, அக்கி ஊசி பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அக்கிக்கு ஷிங்ரிக்ஸ் 2023லிருந்து இந்தியாவில் கிடைக்கிறது, அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. சின்னம்மை, எம்.எம்.ஆர்., மஞ்சள் காய்ச்சல் ஊசிகள் உயிருள்ளவை. அவற்றை நியூரோ டாக்டர் சொல்லாமல் எங்கேயும் போட்டுக்கொள்ளக் கூடாது.

11. ஊசி போட்டும் ஃப்ளூ வந்தால்

வரலாம். சட்டென்று ஏறும் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, வறட்டு இருமல் என்றால் ‘ஊசிதான் போட்டாச்சே’ என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது என்பதால் முதல் நாளே கூப்பிடுங்கள். எம்.எஸ். மருந்தின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், அப்போதுதான் அவசரம் அவருக்குப் புரியும்.

ஃப்ளூ வந்த வாரத்திலேயே டிரிப் தேதி இருந்தால் டிரிப் ஏற்றும் சென்டருக்கும் நியூரோ டாக்டருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொற்று இருக்கும்போது பொதுவாக டிரிப்பைத் தள்ளிவைப்பார்கள். புதுத் தேதி கிடைத்ததும் முதல் பகுதியில் சொன்ன தாளில் பழைய தேதியை அடித்துவிட்டு அதை எழுதுங்கள், அடுத்த வருஷ ஊசிக்கான ஜன்னலும் அதோடு நகர்ந்திருக்கும்.